மிளகு பார்க்காத பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் மகள் மிளகு பாஸாகிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பள்ளிக்கூட ஹாலில், அதற்கு முன் கண்ணாலும் பார்த்திராத ஒரு பக்கத்தை எடுத்து ஒரு நிமிடத்தில் ஐம்பத்திரண்டு சொல் பிழையில்லாமல் படித்தாள், சொல்வதை எழுதுதலில் இருபதுக்குப் பதினேழு. நாலாம் வகுப்புக்குப் போகிறாள். ஆகவே நீ எழுதி வைத்திருக்கிறாயே ராஜினாமாக் கடிதம், அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே படி. போனில் உன் அம்மா சொல்லியிருப்பாள், ஆனாலும் எழுத்தில் போட்டால்தான் எனக்கு ஒரு காரியம் முடிந்த மாதிரி. நாங்கள் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும், நல்ல சரக்கு வந்து இறங்கியிருக்கும்போது வாசலில் நின்று நலம் விசாரித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள், ஏறிய பிறகு எதற்கு ஏறினோம் என்று மறந்துபோய் இறங்கி வருகிறாள், அவ்வளவுதான். மண்டிக் கூரையில் ஒழுகிய இடத்துக்கு இரண்டு தகடு மாற்றியாயிற்று.

இனி, போனில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஜெயித்த பிறகு தப்பை ஒப்புக்கொள்வது சுலபமாக இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே தங்கிவிடுவாளோ, நீ ஒப்பந்தத்தில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கியிருக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருக்குமோ என்று நாம் எல்லோரும் பயந்தோமே, அந்த நிலைமைக்குக் காரணம் அவள் இல்லை, நான். நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போனதிலிருந்து பள்ளி விட்டதும் அவள் நேராக மண்டிக்குத்தான் வருவாள், லாரி இறக்கி முடிந்திருக்கும், பயறு மூட்டை அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்து பாடப்புத்தகத்தைத் திறந்து கடகடவென்று படிப்பாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தம், கேள்வி வருகிற இடத்தில் குரல் மேலே, கேட்கிறவன் சொக்கிப்போவான். நான் சும்மா இருப்பேனா, வருகிற தரகர், எண்ணெய் மில்காரர், லாரி டிரைவர் என்று ஒருத்தரை விடாமல் உட்காரவைத்துக் கேட்கவைத்தேன், உனக்கும் மழை மாதிரி படிக்கிறாள் என்று எழுதினேன். ஒரு நாள் அவள் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். திறந்திருந்த பக்கத்தில் கிணற்றுப் படம், இவளோ யானை ஆற்றில் குளித்த கதையை ஒரு சொல்லில்கூடத் தடுக்காமல் படித்துக்கொண்டே போகிறாள். எண்ணெய் மில்காரர்தான் கவனித்தார், என்னண்ணே உங்க பேத்தி திறக்காத பக்கத்தையும் படிக்கிறா, கண்ணுல எக்ஸ்ரே மெஷின் வச்சிருக்காளா என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா, இல்லையே, பார்த்தீங்களா ஞாபகசக்தியை என்று அதற்கும் சேர்த்துப் பெருமை பேசினேன். முப்பத்தொரு வருஷமாக மூட்டை நடுவில் குத்தூசியைச் செருகி, உள்ளேயிருந்து வருகிற நாலு மணியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்காமல் ஒரு மூட்டை வாங்கியதில்லை. வாய்ப்பக்கம் மட்டும் நல்ல சரக்கைப் பரப்பிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேரை வண்டியோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். சொந்தப் பேத்தி விஷயத்தில் வாய்ப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அவள் ஏமாற்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் படிப்பு என்று அவள் நினைத்திருந்தாள், கைதட்டிக் கைதட்டி அப்படி நினைக்கவைத்தது நான்.

மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கடிகார டீச்சர், கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். பள்ளி திறந்த மூன்றாவது வாரம் அவர் ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டுப் படிக்கவைத்துப் பார்த்திருக்கிறார், நம் வீட்டுக்குச் சீட்டு வந்தது, மிளகுக்கு வாசிப்பு இன்னும் வரவில்லை, ஒரு தடவை வந்து போங்கள் என்று. எனக்கு வந்ததே கோபம், எடை போட்டுக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, சட்டையில் உமியும் தூசியுமாகப் போய் நின்றேன். சாமான் அறைக்கு முன்னால் ஒரு மூலை, ஒரு மேஜை, பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலி இரண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, உட்காருங்க ஐயா, சண்டை அப்புறம் போடலாம், முதல்ல பாருங்க என்றார். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். மிளகைக் கூப்பிட்டு, அவரே கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார், கடிகாரத்தை அமுக்கினார். அம்மாடி, அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். நம் பிள்ளை தாளைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குருவி என்று எழுதியிருந்ததைக் குதிரை என்றாள், மரம் என்றதை மழை என்றாள், குதிரை மழையில் நனைந்தது என்று அவளாகவே ஒரு கதையைக் கட்டி முடித்தாள். அறுபது சொல்லில் ஒன்பதுதான் தாளில் இருந்தது. டீச்சர் அவளை அனுப்பிவிட்டு, ஐயா இவ கதை நான் எழுதுனதைவிட நல்லாயிருக்கு, அதுதான் பிரச்சினையே என்றார்.

பிறகு ஒரு தாளைக் காட்டினார், அதில்தான் என் கோபம் இறங்கியது. வரவில்லை என்று மொட்டையாக எழுதாமல் எது வருகிறது, எது வரவில்லை, எங்கே தடுக்குகிறது என்று வரிவரியாகப் பிரித்து வைத்திருந்தார். தனி எழுத்தெல்லாம் தெரிகிறது, கால் போட்ட எழுத்து வருகிறது, கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்தில் குழப்பம், புள்ளி வைத்த எழுத்தைத் தாண்டிக் குதிக்கிறாள், முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கிறாள். இருபத்தெட்டுப் பிள்ளைக்கும் அப்படி ஆளுக்கொரு தாள். சரக்கு மோசம் என்று சொல்கிறவனை நான் நம்ப மாட்டேன், நூற்றுக்கு எத்தனை மணி சொத்தை, அது வண்டா ஈரமா என்று சொல்கிறவனை நம்புவேன். பிள்ளை மந்தமா என்று கேட்டேன். மந்தமா, ஒரு தடவை காதில் விழுந்தா அப்படியே பிடிச்சுக்கிறா, அதனால எழுத்தோட தயவு அவளுக்குத் தேவைப்படவே இல்லை, அவ்வளவுதான் என்றார். பக்கத்தில் வந்து நின்ற தலைமையாசிரியை மட்டும் இளகவில்லை, வருஷக் கடைசியில் தெரியாத பக்கத்தில் நிமிடத்துக்கு நாற்பது சொல், எழுதுவதில் இருபதுக்குப் பதினைந்து, ஒன்று குறைந்தாலும் மூன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும், தெரியாமல் மேலே ஏற்றி அனுப்பினால் அங்கே இன்னும் கஷ்டப்படுவாள் என்று சொல்லிவிட்டார். அதைத்தான் நான் உனக்குப் போனில் சொன்னேன், நீ அன்றைக்கே வேலையை விடுகிறேன் என்று ஆரம்பித்தாய்.

மறுநாளிலிருந்து தினமும் முதல் மணிக்கு முன்னால் இருபது நிமிடம், இவளோடு இன்னும் நாலு பிள்ளைகள். எழுத்து அட்டையைப் பரப்பி வைத்துச் சேர்ப்பது, பிரிப்பது, சொல்லை ஓசை ஓசையாக மேஜையில் விரலால் தட்டிச் சொல்வது, தட்டிய வரிசையிலேயே எழுதுவது. அதில் ஒரு வேடிக்கை, டீச்சர் அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிப் போட்டுப் படிக்கச் சொல்வார், நுபோலம், பிசோமை, தொகேலு என்று. இது என்னம்மா, சரக்கே இல்லாமல் பேர் மட்டும் எழுதிய சாக்கு மாதிரி என்று நான் கேட்டேன். அர்த்தம் தெரிஞ்சா ஊகிச்சிடுவா ஐயா, தெரியாட்டி எழுத்தைப் பார்த்தே ஆகணும் என்றார். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், நம் லாரி டிரைவருக்கு மிளகு நுபோலம் என்று பெயரே வைத்துவிட்டாள், அவரும் இப்போது போனை எடுத்தால் நுபோலம் பேசுறேன் என்கிறார். வீட்டுக்கு ஒரே ஒரு கட்டளை, பாடத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டக்கூடாது, அவள் ஒரு சொல்லில் தடுக்கினால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. உன் அம்மா பட்ட பாடு இருக்கிறதே, பிள்ளை தடுக்கினால் இவளுக்கு மூச்சு முட்டும், மனதுக்குள் எண்ணச் சொன்னதை மறந்து ஒண்ணு ரெண்டு என்று சமையலறையிலிருந்து சத்தமாக எண்ணுவாள், பாட்டி நீங்க சும்மா இருந்தா நான் முடிச்சிருவேன் என்று மிளகு கத்துவாள். மண்டியில் கைதட்டலும் நின்றது. முதல் இரண்டு மாதம் அவள் மூட்டைமேல் ஏறவே இல்லை, தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள், யார் வந்து இன்னைக்குப் படிக்கலையா பாப்பா என்று கேட்டாலும் தலை நிமிராது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் டீச்சர் ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை அளந்து தாளில் எழுதி அனுப்புவார், ஒன்பது பதினாலாயிற்று, பதினாலு இருபத்து மூன்றாயிற்று, நடுவில் ஒரு தடவை இருபத்தொன்றாக இறங்கியது, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் டீச்சருக்கே ஒரு தட்டுப்பாடு வந்தது. அளப்பதற்குப் பிள்ளைகள் பார்க்காத பக்கம் வேண்டும், ஒவ்வொரு தடவையும் புதிதாக வேண்டும். ஒரு பிள்ளை உள்ளே படிக்கும்போது அடுத்த நாலு பேர் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஐந்தாவது பிள்ளை உள்ளே வரும்போது பக்கமே மனப்பாடம். நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன், சரக்குச் சீட்டைத் தவிர ஒன்றும் எழுதாதவன், முப்பது பக்கம் எழுதினேன், எடைக்கல்லைத் தொலைத்தவன் கதை, தராசுத் தட்டில் தூங்குகிற பூனை, சாக்கில் ஓட்டை இருப்பது தெரியாமல் தெரு முழுக்கப் பயறு சிந்திக்கொண்டு போன தரகர். பதினோரு பக்கத்தை டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார், இந்த வாக்கியம் நீளம், இந்த எழுத்து இன்னும் நடத்தவில்லை, இந்தப் பக்கத்தில் அறுபத்தேழு சொல் இருக்கிறது ஐயா என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சரக்குத் திரும்பி வந்ததில்லை. எழுதியதையெல்லாம் எடைக்கல் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்து வைத்திருந்தேன், மிளகு அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தாத்தா ஒரே ஒரு வரி என்று கெஞ்சினாள், நான் காட்டவில்லை, உன் தலைமேல் சத்தியமாகக் காட்டவில்லை.

ஆனால் ஊர் நம்புமா. இவள் முப்பத்தைந்தை எட்டிய சமயம் பெற்றோர் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் எழுந்தார், அவர் மகன்தான் வகுப்பில் முதல் ஆள். தாத்தா கேள்வித்தாள் எழுதுறார், பேத்தி பதில் சொல்றா, நல்ல குடும்பத் தொழில்தான் என்றார். ஹாலே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது, மிளகு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் காதில் விழுந்துவிட்டது, முகம் சுண்டிப்போயிற்று. திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் யோசித்துப் பார், அவர் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் காரமாகக் கேட்டிருப்பேன், மாதிரி மணியை விற்கிறவன் கையாலேயே எடுக்க விடுவேனா நான். அதனால் சொன்னேன், அண்ணாச்சி சொல்றது சரி, கடைசிப் பரீட்சைக்கு என் பக்கம் ஒண்ணுகூட வேண்டாம், அன்னைக்குக் காலைல எல்லாப் பெற்றோரும் வாங்க, டீச்சர் முன்னாலயே ஆளுக்கு அறுபது சொல்லுல ஒரு பக்கம் எழுதுங்க, ஒரு டின்னுல போடுங்க, பிள்ளைங்க எடுத்துப் படிக்கட்டும், சொந்த வீட்டுப் பக்கம் வந்தா திருப்பிப் போட்டுட்டு வேற எடுக்கட்டும். தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்தார், டீச்சர் சந்தோஷத்தில் கடிகாரத்தை அமுக்கிவிட்டார், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் சரி என்று கை கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நீ அந்த ஹாலைப் பார்த்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வீட்டுப் பெரியவர்கள் குட்டி பெஞ்சில் இடுப்பு வலிக்க உட்கார்ந்து, பேனாவைக் கடித்துக்கொண்டு, விரல்விட்டுச் சொல்லை எண்ணிக்கொண்டு. தையல்காரர் நாற்பதாவது சொல்லுக்குமேல் வரமாட்டேன் என்கிறது என்று அழாத குறை. பஸ் கண்டக்டர் முதல் ஆளாக முடித்துவிட்டுப் பக்கத்து ஆளுடையதை எட்டிப் பார்த்தார், டீச்சர் அதட்டினார். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, டீச்சரும் தலைமையாசிரியையும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் திருத்தமாகப் படியெடுத்தார்கள், மருந்துக்கடைக்காரர் கையெழுத்து மட்டும் தலைமையாசிரியைக்கே புரியவில்லை, அவரைக் கூப்பிட்டு வரிவரியாகக் கேட்டு எழுதினார், நீங்களே மூணாம் கிளாஸ் தாண்ட மாட்டீங்க போல டீச்சரம்மா என்று கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். மிளகு பத்தொன்பதாவது. டின்னில் கையை விட்டாள், எடுத்தாள், டீச்சர் மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு யார் பக்கம் என்று சொன்னார், மருந்துக்கடைக்காரருடையது. கடிகாரம் அமுங்கியது. இந்தத் தடவை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள், விரல் வரியின் கீழே நகர்ந்தது. கதை ஒரு தெருநாயைப் பற்றி, காலில் காயத்தோடு மருந்துக்கடை வாசலுக்கு வந்தது, கடைக்காரர் கட்டுப் போட்டு ஒரு பிஸ்கட் போட்டார், மறுநாளும் வந்தது. நொண்டிக்கொண்டே என்ற சொல்லில் நின்றாள். உன் அம்மா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது, மனதுக்குள் எண்ணுகிறாள் என்று தெரிந்தது. மிளகு உதட்டை மூடிக்கொண்டு மேஜையில் ஒன்று, இரண்டு என்று தட்டினாள், சொல்லைக் கூட்டினாள், படித்தாள், மேலே போனாள். டீச்சர் நேரம் முடிஞ்சுது என்றார், ஐம்பத்திரண்டு. நாற்பது போதும், நாங்கள் எழுந்தே விட்டோம். ஆனால் இவள் நிறுத்தவில்லை, இருங்க டீச்சர் என்று ஒரு கையைக் காட்டிவிட்டு மிச்ச எட்டுச் சொல்லையும் படிக்கிறாள், நாய்க்கு என்ன ஆச்சு என்று அவளுக்குத் தெரிய வேண்டும். காயம் ஆறி எத்தனையோ நாளாகியும் அது தினமும் காலைத் தூக்கிக்கொண்டு வருகிறதாம், இன்றைக்குத் தூக்கியது வேறு கால். படித்துவிட்டுக் குபுக்கென்று சிரித்தாள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த சிரிப்பு இல்லை அது, தாளிலிருந்து நேரே அவளுக்குள் போய் வந்த சிரிப்பு. மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று, நான் எந்த இடத்துல சிரிக்கணும்னு எழுதுனேனோ அதே இடத்துல சிரிச்சிருச்சு ஐயா இது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழவில்லை, பயறுத் தூசி கண்ணில் பட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன், ஹாலில் ஏது பயறு என்று அவள் கேட்டாள்.

வகுப்பில் ஆரம்பத்தில் நாற்பதைத் தொட்டவர்கள் ஒன்பது பேர், இப்போது இருபத்து மூன்று. மருந்துக்கடைக்காரர் மகன் ஐம்பதே நொடியில் பக்கத்தை முடித்தான், அது கண்டக்டர் எழுதிய குடை தொலைந்த கதை, யார் குடை தம்பி என்று டீச்சர் கேட்டதும் விழித்தான், அவனுக்கு இனிமேல் படித்ததைப் புரிந்துகொள்கிற வேலை. அப்பா முகம் வாடியது, நான் போய்த் தோளில் தட்டினேன், நானும் அதே வண்டியில் வந்தவன்தானே. மிச்ச ஐந்து பிள்ளைக்கு விடுமுறையிலும் இருபது நிமிடம் நடக்கும், மண்டி மாடி அறையைக் கொடுத்திருக்கிறேன். கடிகார டீச்சர் இந்த வகுப்போடேயே நாலுக்கும் வருகிறார், தலைமையாசிரியையிடம் பேசிச் சம்மதம் வாங்கியாயிற்று, எழுத்திலும் வாங்கியாயிற்று.

உனக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். பொம்மை அனுப்பாதே, இங்கே வைக்க இடமில்லை. வேலையில் சம்பள உயர்வு கேட்கிறேன் என்றாயே, விடப்போகிற மனசோடு கேட்காமல் இருந்தாய், இனித் தைரியமாகக் கேள். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையின் இருமலை டாக்டரிடம் காட்டு. இரண்டு பேரும் உடம்பு மனசு எல்லாம் நிறைந்து, எடுத்த காரியம் கைகூடி, மிச்சப் பதினான்கு மாதமும் முடிந்து நல்லபடியாக வந்து சேருங்கள், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உங்கள் பக்கம்.

மறக்காமல் செய்யவேண்டியது ஒன்று. சனிக்கிழமை மிளகு தராசுக்கு முன்னால் வந்து நின்று, தாத்தா ஒரு விஷயம் பேசணும் என்றாள். முக்கால் மணி நேரம் பேரம் பேசினோம், என் வயதுத் தரகர்களில் பாதிப் பேர் அவளிடம் தோற்றிருப்பார்கள். கடைசியில் முடிந்தது இப்படி, உன் சார்பில் நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். நீ வாரத்துக்கு ஒரு பக்கம், கையால், தமிழில், அவள் பெயருக்கே எழுத வேண்டும். போனில் ஏற்கெனவே சொன்னதை எழுதக்கூடாது. உறையை அவளைத் தவிர யாரும் பிரிக்கக்கூடாது, நான் உட்பட. பதிலுக்கு அவள் அரைப் பக்கம் எழுதுவாள், யாரும் திருத்தாமல் அப்படியே வரும். பிழையிருந்தால் நீ சுட்டிக்காட்டலாம், ஆனால் ஒரு கடிதத்துக்கு இரண்டு பிழைக்குமேல் கூடாது, நான் ஐந்து கேட்டேன், அவள் இரண்டுக்குமேல் ஏறி வரவில்லை. அடுத்த மாதம் முதல் வாரத்திலிருந்து அமல்.

இப்படிக்கு,
உன் சார்பில் கையெழுத்துப் போட்டுவிட்ட
அப்பா